மைனஸ் எட்டுக்குப் பயந்த பனிப்புலி

ஒரு திங்கட்கிழமை காலை, கன்னத்தில் பாதி சவர நுரையோடு கண்ணாடி முன் நின்றபடி, குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தார். இன்னும் முப்பது நாளுக்குள் தன் மனைவி தானாகவே வந்து, "வேணாங்க, நாம அங்க போக வேணாம்" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். தன் வாயிலிருந்து வரவே கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் சிக்கல். மற்றபடி, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதரா அவர்? சினிமாவுக்கு, மைத்துனர் வீட்டுக்கு, பல் பிடுங்குவதற்கு என்று நூறு இடங்களுக்கு மாட்டேன் சொல்லி நாக்குத் தழும்பேறியவர். ஆனால் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் அவரால் சொல்ல முடியாது. ஏனென்றால் அது பனி ஊர். அவரோ பனிப்புலி.

பனிப்புலி என்பது தெரு அவருக்குச் சூட்டிய பெயர். தெரு சும்மா சூட்டிவிடாது. இவர்தான் பல வருஷமாகச் சூட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தார். யாராவது ஸ்வெட்டர் போட்டிருந்தால் நிறுத்தி விசாரிப்பார். விருந்துக்குப் போனால் ஏ.சி.க்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு குளிரா? மைனஸ் இருபதுல வேலை பாக்குறவன் நான்" என்பார். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அவருடைய கிடங்கில் மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் மைனஸ் இருபதில் உறங்குவது உண்மைதான். அவற்றோடு அவர் கடைசியாகக் குசலம் விசாரித்துப் பதினோரு வருஷம் ஆகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாத உண்மை.

சுமை தூக்குபவராகச் சேர்ந்து பதினேழு வருஷம் உள்ளே புகுந்து உழைத்தவர்தான். பிறகு பதவி உயர்வு வந்தது. மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் ஒரு ஹீட்டர். முதல் வாரம் இரண்டு முறை உள்ளே போனார். இரண்டாம் வாரம் ஒரு முறை. மூன்றாம் வாரம் கால் ஹீட்டரிடம் பேசிப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் வீட்டில் மின்விசிறியை மூன்றுக்கு மேல் வைத்தால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். கேட்டால் கொசு என்பார்.

இப்படிப்பட்டவரின் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முந்தின நாள் மாலை, மனைவி ஒரு படத்தை ஒட்டினாள். ஒரு தெரு. இருபுறமும் ஆள் உயரத்துக்குப் பனிச் சுவர். நடுவில் யாரோ ஒரு பெண் குடை பிடித்து நிதானமாக நடந்து போகிறாள், ஏதோ காய் வாங்கப் போகிறவள் மாதிரி.

"ஜப்பானோட வடக்குக் கோடியில இருக்காம்," என்றாள் மனைவி. "பனின்னா அப்படி ஒரு பனியாம். வர்ற ஜனவரியில போலாம்னு இருக்கேன்."

அவர் வாயில் சோறு இருந்தது. அதை மென்று முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"போலாமே," என்றார் கடைசியில். "அதுக்கென்ன. குளிர் எனக்குப் பழகினதுதானே. உன்னை நெனச்சாத்தான் யோசனையா இருக்கு."

"எனக்கென்ன?"

"நீ தாங்குவியா?"

படத்தின் மூலை பிரிந்துகொண்டிருந்தது. மனைவி அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இதைக் கேக்கலையே நீங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வரியை ஜீரணிக்கத்தான் அவருக்கு ஒரு முழு இரவும் பாதிச் சவரமும் தேவைப்பட்டன.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். கிடங்குக்காரர்கள் உள்ளே போட்டுக்கொள்ளும் பஞ்சு வைத்த கோட்டுகளை அந்தக் கடைதான் தைத்தது. ஒரே மாதத்தில் ஒன்பது கோட்டுகள் தோளில் பிரிந்து திரும்பி வந்தன. கூடவே ஒரு புகார்க் கடிதம்: தையல் மட்டம். எழுதியவர் இளம் சுமைதூக்கி ஒருவர். ஒன்பது கோட்டையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, அவள் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். எழுதினவன் யார் என்றாள். இவர் முன்னால் வந்தார். தையல் மட்டமில்லை, நீங்கள் கோட்டை ஈரத்தோடு மாட்டி வைக்கிறீர்கள், உள்ளே போனதும் நூல் உறைந்து ஒடிகிறது, என்று அவள் வாதாடினாள். உள்ளே வந்து பார்க்காமல் பேசாதே என்று இவர் சொன்னார். வருகிறேன் என்று அவள் வந்தே விட்டாள்.

உள்ளே கால் மணி நேரம் சண்டை. வாதத்தில் தோற்றுப்போன இளைஞர், கூரைக் குழாயில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தார். சமாதானப் பரிசு. "இதுதான் பனி," என்றார்.

அவள் உற்றுப் பார்த்தாள். "இது பனி இல்லை. குழாய் அழுக்கு."

"அப்போ என்னைக் கட்டிக்க. நிஜப் பனி காட்டுறேன்."

வாக்கைக் கொடுத்துவிட்டார். அவள் அதை வாங்கிப் பத்திரப்படுத்திவிட்டாள். ஆண்கள் இந்தமாதிரி விளையாட்டாகச் சொல்லும் வாக்குகளைப் பெண்கள் மறப்பதில்லை என்பதை ஏதோ பெண்களின் குறைபோலப் பேசுகிறார்கள். கொடுத்தவர் மறக்கலாம், வாங்கியவள் ஞாபகம் வைத்துக்கொண்டால் மட்டும் பொல்லாதவளா? இது என்ன நியாயம்?

சரி, கதைக்கு வருவோம். தீர்மானம் செய்த மேற்பார்வையாளர், அதை நிறைவேற்றும் வழி தெரியாமல் கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் தராசு முள் மாதிரி தலையை இரு பக்கமும் ஆட்டி எல்லாவற்றையும் கேட்டார். தடுக்கக் கூடாது, என்றார். தடுத்தால் பெண்களுக்குப் பிடிவாதம் வரும், பயமுறுத்த வேண்டும், தினம் ஒரு பயம், சாப்பாட்டுக்குப் பிறகு, மாத்திரை மாதிரி. பதினைந்தாம் நாள் அவர்களே வந்து காலில் விழுவார்கள். மேற்பார்வையாளருக்கு இது பெரிய ஞானமாகப் பட்டது. இந்த ஞானி நான்கு மாதமாகக் கடையிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையே முதல் மாத்திரை.

மனைவி தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பழைய கடை எப்போதோ மூடிவிட்டது. கிடங்கின் கோட்டுகளையெல்லாம் இப்போது வீட்டிலேயே அவள்தான் தைக்கிறாள், கிழிந்ததற்கு ஒட்டுப் போடுகிறாள், பஞ்சு மாற்றுகிறாள். ஒருவர் பதினோரு வருஷம் நாற்காலியைத் தேய்த்தால் அதற்குப் பெயர் சர்வீஸ். ஒருத்தி இருபத்தேழு வருஷம் ஊசியைத் தேய்த்தால், "அவ வீட்லதான் இருக்கா." இப்படித்தான் மேற்பார்வையாளரும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவர் தொண்டையைச் செருமினார். அந்த ஊரில் கண் இமை உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்றார். திறக்கவே வராது.

மெஷின் நின்றது. மனைவி திரும்பினாள். அவள் முகத்தில் பயம் தெரிகிறதா என்று அவர் ஆவலோடு தேடினார். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"ஒட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?"

"உள்ளங்கையைக் குவிச்சு மேல வெச்சுக்கணும். சூட்டுல தானா விட்டுடும். தேய்ச்சிடக் கூடாது, முடி பிடுங்கிட்டு வந்துடும்."

"தேய்க்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

இரண்டாம் நாள் பாதத்தைப் பற்றிப் பயமுறுத்தினார். குளிர் மேலேயிருந்து வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது தரையிலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறும். காலுறையை இறுக்கிப் போட்டால் ரத்தம் ஓடாது, விரல் கறுத்துவிடும். பூட்ஸுக்குள் செய்தித்தாளை நாலாக மடித்து வைக்க வேண்டும்.

"செய்தித்தாளா," என்று சொல்லிவிட்டு மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று அவர் முறைத்தார்.

"ஞாபகம் இல்லையா? அந்த ஒத்தை ரூம்ல இருந்தப்போ. நீங்க காலுறையைக் கழட்டுனீங்கன்னா குதிகால்ல அச்சு ஒட்டியிருக்கும். நான் கண்ணாடி வெச்சுத் திருப்பிப் படிப்பேன். ஒரு நாள் வலது கால்ல வானிலை அறிக்கை. 'வெப்பம் நீடிக்கும்'னு போட்டிருந்துச்சு."

அவருக்கு ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார், வந்துவிட்டது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மின்விசிறி கிடையாது. வெயில் காலத்தில் சுவரைத் தொட்டால் தோசைக்கல். அவர் வேலை முடிந்து வந்தவுடன் கோட்டைக் கழற்ற விடமாட்டாள். நேராக மெஷின் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்வாள். மைனஸ் இருபதை மூட்டை கட்டி எடுத்து வந்த மாதிரி கோட்டிலிருந்து குளிர் இறங்கும். அவள் கன்னத்தை அவர் கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மறு கையால் துணியைத் தள்ளி, நாலு சட்டைக் காலரைத் தைத்து முடித்துவிடுவாள். அக்கம்பக்கத்தில் அவ்வளவு குளிர்ச்சியான புருஷன் வேறு யாருக்கும் இல்லை.

"நடமாடும் ஃப்ரிட்ஜ்னு சொல்வே," என்றார் அவர், தன்னையறியாமல்.

"கதவு மட்டும் சரியா மூடாது," என்றாள்.

அன்றைக்குப் பயமுறுத்தல் அத்தோடு முடிந்தது. படுத்த பிறகுதான், பயமுறுத்த உட்கார்ந்த இடத்தில் முக்கால் மணி நேரம் சிரித்துவிட்டு வந்தது அவருக்கு உறைத்தது.

இப்படியே ஒவ்வொரு மாலையும். வியர்வைதான் எதிரி என்றார். உள்ளே பருத்தித் துணி போட்டு வியர்த்தால் அது உறைந்து முதுகில் தகடு மாதிரி ஒட்டும். கம்பளிதான் போட வேண்டும். ஈரக் கையோடு இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே தங்கிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டவர் சூடான அறைக்குள் நுழைந்தால் ஐந்து நிமிஷம் குருடர். போனின் பேட்டரி குளிரில் பொசுக்கென்று செத்துப்போகும், உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். பதினேழு வருஷம் உடம்பில் எழுதிய பாடம். பதினோரு வருஷமாகத் திறக்காத புத்தகம். ஒவ்வொரு பக்கமாகத் தூசி தட்டி அவர் படிக்க, அவள் எழுதிக்கொண்டே போனாள். நடுநடுவே பழைய கதைகள். அவர் தவறிப்போய் ஓர் அரை மணி நேரம் உள்ளே அடைபட்டது, வெளியே வந்தபோது மீசை ஒடிந்தது, ஒற்றைப் பக்க மீசையோடு மூன்று நாள் அலைந்தது. அவர்கள் இருவரும் இவ்வளவு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதை இருவரும் கவனித்தார்கள். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் வந்தது. காலில் யாரும் விழவில்லை. அதற்குப் பதில் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஊர்ல ஜனவரியில ராத்திரி எவ்வளவு இறங்கும்னு பாத்தேன். மைனஸ் எட்டுன்னு போட்டிருக்கு."

"ம்."

"உங்க கிடங்கு மைனஸ் இருபது."

"ம்."

"அப்போ நம்ம கிடங்கைவிட அந்த ஊர் பன்னெண்டு டிகிரி சூடு. உங்களுக்குப் புழுங்குமேன்னுதான் எனக்குக் கவலையா இருக்கு."

அவர் டீயை உறிஞ்சினார். நாக்குச் சுட்டது. பனிப்புலி மைனஸ் எட்டுக்குப் பயந்தது என்று தெருவில் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். மின்விசிறி ஓடாமலேயே உடம்பு நடுங்கியது.

பேச்சு வேலைக்கு ஆகாது. செயலில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார். மறுநாள் பெருந்தன்மையோடு அறிவித்தார்: ஊருக்குப் போகுமுன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலை கிடங்குக்கு வா. மைனஸ் இருபதில் பத்து நிமிஷம் நில். நின்றுவிட்டால் போகலாம், முடியாவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், யாரும் சிரிக்க மாட்டார்கள், இத்தோடு விட்டுவிடலாம். கல்யாணத்துக்கு முன் ஒரு முறை வந்ததோடு சரி, இவள் இரண்டே நிமிஷத்தில் பல் தந்தியடிக்க வெளியே ஓடிவருவாள் என்பது அவர் போட்ட கணக்கு. மூன்றாவது நிமிஷத்தில் தானும் கௌரவமாக வெளியே வந்துவிடலாம். மூன்று நிமிஷம் தாங்க மாட்டோமா?

மனைவி சிறிது யோசித்தாள். "நின்னா போலாம்கிறது, நிக்கிற ரெண்டு பேருக்கும் தானே?"

"பின்ன? நானும்தான் வர்றேன்."

"சரி," என்றாள். அந்தச் சரி கொஞ்சம் சீக்கிரம் வந்ததாக அவருக்குப் பட்டது.

சனிக்கிழமை. குளிரறையின் கனத்த கதவுக்கு வெளியே ஒரு சின்ன மேஜை. மேஜையில் ஒரு பெரிய பதிவேடு. பதிவேட்டுக்குப் பின்னால் கதவுப் பொறுப்பில் இருக்கும் இளம்பெண். சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் சட்டம் என்றால் சட்டம். பேர் எழுதாமல் ஓர் எலியைக்கூட உள்ளே விடமாட்டாள். அவள் தலைக்கு மேலே சுவரில் எட்டு விதிகள் எழுதிய பலகை. கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து, பூ வேலைப்பாட்டோடு.

அலமாரியிலிருந்து தன் நாலாம் நம்பர் கோட்டை எடுத்து மாட்டினார். ஜிப் நகரவில்லை. மனைவி தன் கோட்டுப் பையிலிருந்து மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்து, ஒரே இழுப்பில் மேலே ஏற்றிவிட்டாள். பிறகு அவர் ஆணியில் தொங்கிய மஞ்சள் தொப்பியைக் கையில் எடுத்தார். ஆறாம் விதி, என்று மனைவிக்கு விளக்கினார். தலைமை அலுவலக ஆள் ஒருவர் உள்ளே வழுக்கி விழுந்த பிறகு தானே யோசித்து எழுதிய விதி. ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே போகாதவர் யாராக இருந்தாலும் புது ஆள். மஞ்சள் தொப்பி போட வேண்டும்; பழகின ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, போட்டுக்கோ, என்று தொப்பியை நீட்டினார்.

கதவுப் பொறுப்பாளர் எழுந்து நின்றாள்.

"சார், அது அவங்களுக்கு இல்லை."

"பின்ன யாருக்கு?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். முந்தின பதிவேட்டையும் கீழேயிருந்து எடுத்தாள்.

"கோட் அக்கா போன வியாழக்கிழமை வந்திருக்காங்க, முப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நாப்பது நிமிஷம். மாசம் ரெண்டு தடவை வர்றாங்க சார். உங்க பேரு..." அவள் இன்னும் சில பக்கங்களைத் தள்ளினாள். குரலில் துளிக் கிண்டல் இல்லை, அதுதான் கொடுமை. "நான் சேர்ந்ததுலேர்ந்து இல்லை சார்."

மேற்பார்வையாளர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கோட்டின் கைப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமையா? அன்னைக்கு எனக்கு தலைமை அலுவலகத்துல மீட்டிங்."

"ஆமா. அன்னைக்குத்தான் இங்க கொஞ்சம் நிம்மதியா வேலை நடக்கும்."

"நீ எதுக்கு உள்ள போறே?"

"தைக்கிற மேஜை மேல எல்லாக் கோட்டும் நல்லாத்தான் இருக்கும். குளிர்ல போய் ஆள் குனிஞ்சு நிமிர்ந்தாத்தானே எங்க இழுக்குது, எங்க ஒடியுதுன்னு தெரியும்? அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, உள்ள வந்து பாக்காம பேசாதேன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

கதவுப் பொறுப்பாளர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். விதியை மீற முடியாது. எழுதியவரே மீறினால் பலகைக்கு என்ன மரியாதை? பனிப்புலி குனிந்தது. மஞ்சள் தொப்பி தலையில் ஏறியது. பழகின ஆள் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதி, அந்தப் பெண் கதவைத் திறந்தாள். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வெள்ளை வெளிச்சம். கூரைவரை அடுக்குகள். முதல் மூச்சு இழுத்ததுமே மூக்கின் உட்பக்கம் முள் மாதிரி நின்றது. எதிரே வண்டியில் பெட்டிகளை ஏற்றி வந்தவர்கள் மஞ்சள் தொப்பியைப் பார்த்து மரியாதையாக ஓரம் ஒதுங்கினார்கள். புது ஆள், பாவம், மோதிவிடக் கூடாது. தொப்பிக்குக் கீழே யார் என்று தெரிந்ததும் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின. குளிராகவும் இருக்கலாம்.

மனைவியோ பூங்காவில் நடப்பவளைப்போல நடந்தாள். ஒருவரை நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி அக்குள் தையலைப் பார்த்தாள். அக்கா, முழங்கை இப்போ வலிக்கலை என்று அந்த ஆள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு. மேற்பார்வையாளருக்குக் காது எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று. மூன்றாவது நிமிஷத்தில் மூலைக் குழாய் அருகே வந்தார்கள்.

அவள் நின்றாள். குழாயில் படிந்த வெள்ளையைச் சுரண்டி அவர் கையுறையில் வைத்தாள்.

அவர் பார்த்தார். ஓரடி தள்ளி, கையில் புகார்க் கடிதத்தோடு, மூக்கு நுனி சிவந்து, வார்த்தைக்கு வார்த்தை வெள்ளைப் புகை விட்டுச் சண்டை போட்ட பெண். நரை விழுந்திருந்தது, மூக்கு நுனி அதே சிவப்பு. அன்றைக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இங்கே நின்றிருப்பார். குளிர் ஒன்றும் செய்யவில்லை. குளிர் இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

"இப்பவும் அழுக்குதான்," என்றாள் அவள், மெதுவாக.

அவர் ஏதோ நல்லதாகச் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஏழு. ஏழாவது தும்மலுக்குப் பிறகு, தலைமை அலுவலகத்திலிருந்து அவசரமாக போன் வரும் என்று சொல்லிக் கதவை நோக்கி நடந்தார். நடந்தார் என்பது கதவுப் பொறுப்பாளர் மரியாதைக்காகச் சொன்ன சொல். வெளியே வந்து போனை எடுத்தார். பேட்டரி செத்திருந்தது. மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளை. ஐந்து நிமிஷம் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். தான் சொன்ன ஒவ்வொன்றும் எவ்வளவு சரி என்று அவருக்கு அப்போது புரிந்தது.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்து மனைவி வெளியே வந்தாள். அவர் முற்றத்து பெஞ்சில், வெயிலில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதினோரு வருஷமா நான் உள்ள போகலை."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு சொன்னாளா?"

"கோட்டு சொல்லுச்சு. எல்லா நம்பரும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கிழிஞ்சு எங்கிட்ட வரும். நாலாம் நம்பர் மட்டும் வரவே இல்லை. ஒண்ணு, நீங்க உள்ள போகலை. இல்லைன்னா என் தையல் உலகத்துலேயே ஒசத்தி. ரெண்டாவதுதான்னு ஒரு ஆறு மாசம் சந்தோஷமா இருந்தேன்."

"ஏன் கேக்கலை?"

"நீங்க தெருவுல அவ்வளவு ஆசையா சொல்லிட்டிருந்தீங்க. கெடுப்பானேன்னு."

இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். டீயைக் கீழே வைத்துவிட்டு, கடைசி ஆயுதமாக உண்மையையே எடுத்தார். எனக்குக் குளிர் தாங்கவில்லை. அந்த ஊருக்குப் போனால் நாலு பேர் பார்க்க இப்படித்தான் நிற்பேன். நீயே வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான் பதினைந்து நாளாகப் பயமுறுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்த மனைவி பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

முதல் பக்கத்தில் தலைப்பு இருந்தது. அவளுடைய உருண்டையான கையெழுத்தில், அடிக்கோடிட்டு: 'அவருக்கு வேண்டியவை'. கீழே, கம்பளி உள்ளாடை மூன்று. தளர்வான காலுறை. பூட்ஸுக்குள் வைக்க இரட்டை அட்டை. போன் வைக்க உள்பை, நெஞ்சோடு ஒட்டி. கண்ணாடி துடைக்கத் துணி, கைப்பட்டையிலேயே தைத்துவிட வேண்டும்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்? நான் மாசாமாசம் உள்ள போறவ," என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்னு உங்ககிட்ட நேரா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'பனியனோட வருவேன்'னு சொல்லியிருப்பீங்க. பயமுறுத்தும்போதுதான் நீங்க உள்ளதைச் சொல்றீங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். திருப்பின பக்கத்தில் இரண்டு விமான டிக்கெட் செருகியிருந்தது. வாங்கிய தேதியைப் பார்த்தார். ஃப்ரிட்ஜில் படம் ஒட்டியதற்கு ஒன்பது நாள் முந்தின தேதி.

"லீவு?" என்றார் பலவீனமாக. லீவு கிடைக்காது என்பது அவருடைய கடைசி நம்பிக்கை.

"போன மாசமே கையெழுத்து போட்டுட்டீங்களே. கையுறை வாங்குற காகிதத்துக்கு அடியில இருந்துச்சு. எதையும் படிக்காம பூ போட்டுடறீங்க. மேலேர்ந்து அனுமதியும் வந்தாச்சு."

கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நியாயமாகப் பார்த்தால் கோபப்படத்தான் வேண்டும். ஆனால் கோபம் வருவதற்குள் அந்த ஒற்றை அறை வந்துவிட்டது. ஜன்னல், மெஷின், கையில் ஒட்டியிருந்த கன்னம். இருபத்தேழு வருஷமாக அவள் ஒரே ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பதும் சேர்ந்து வந்துவிட்டது. படத்தில் குடையோடு போகும் அந்தப் பெண்ணை நினைத்தார். அவள் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"நான் அங்க வழுக்கி விழுந்துட்டா?" என்றார்.

"தெருமுனையில எல்லாம் பெட்டியில மணல் வெச்சிருப்பாங்களாம். வழுக்குற இடத்துல யார் வேணும்னாலும் எடுத்துத் தூவிக்கலாமாம். நான் தூவிக்கிட்டே முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க."

அவர் தலையாட்டினார். மஞ்சள் தொப்பி இன்னும் தலையில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் வீட்டில், மெஷின் பக்கத்தில், அவரை நிற்க வைத்தாள். புதுக் கோட்டுக்கு அளவு எடுக்க வேண்டும். நாலாம் நம்பர் காலத்து மனிதர் இப்போது இல்லை என்றாள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார், பிடிபட்டவரைப்போல. டேப் இடுப்பைச் சுற்றி வந்தது. சொல்லித் தராமலேயே பனிப்புலி மூச்சை இழுத்து வயிற்றை ஒடுக்கியது.

"உள்ள இழுக்காதீங்க," என்றாள் மனைவி, டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெசமான அளவுக்குத் தைச்சாத்தான் குளிராது."

அவர் மூச்சை விட்டார். டேப் நாலு அங்குலம் நகர்ந்தது.